இடது முட்டியின் விலை

நெட்டையனின் இடது முட்டிக்குக் கடைக்காரர் போட்ட விலை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இறக்கையில்லாத மின்விசிறி ஒன்றும். எண்ணெய்ச் செலவு வாங்குகிறவர் பொறுப்பு.

இதை அவர் எழுதியது, கால்பந்து ரசிகர்கள் ஆறாயிரம் பேர் கூடும் ஒரு முகநூல் பக்கத்தில், 'பழைய சரக்கு' என்ற புனைபெயரில். பிழைப்புக்குப் பழைய மரச்சாமான் கடை. ஆள் வராத நேரத்தில், விற்காத கட்டில் ஒன்றின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு ஆட்டக்காரர்களுக்கெல்லாம் விலை கட்டுவார். கோல்கீப்பரை, 'வலைக்குக் காவல் நிற்பதாகச் சொல்கிறார்கள், நான் பார்த்தவரை வலைக்குப் பேச்சுத்துணைதான்' என்பார். எதிரணி கோடியைக் கொட்டி வாங்கிய நட்சத்திரம் அவருக்கு, 'மேலே பாலிஷ் பிரமாதம், உள்ளே முழுக்க ஒட்டுப்பலகை.' புதிதாக வந்த கோச், 'மூன்று வீட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பிய சோபா.' படித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு, வியாபாரம் படுத்த நாட்களில் கடைக்காரருக்குக் கல்லாச் சத்தம் மாதிரி கேட்டது.

தன் ஊர் அணியின் ஆட்டக்காரன் நெட்டையனை மட்டும் அதுவரை ஏழு வருடமாக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூலையிலிருந்து வரும் பந்துக்கு அவன் எழும்பினால், மைதானத்தில் பாதிப் பேர் தங்களை அறியாமல் குதிகாலைத் தூக்குவார்கள். அவன் கோல் போட்ட மறுநாள் கடைக்காரர் கேட்ட விலைக்குச் சாமானைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். அதற்காகவே அவர் மனைவிக்கு அவனைக் கண்டால் ஆகாது.

பெரிய கிளப் ஒன்று நெட்டையனைக் கேட்கிறது என்ற செய்தி வந்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் வளர்ந்த வியாபாரக் கூட்டத்தில், ஒரு பொருள் கைவிட்டுப் போகக்கூடாதென்றால் செய்கிற காரியம் ஒன்றுதான்: அடுத்தவன் காதில் விழும்படி அதைப் பழிப்பது. கடைக் கட்டடத்தையே அவர் அப்படித்தான் வாங்கினார். 'ஒழுகுது, ஒழுகுது' என்று இரண்டு மாதம் தெருவெல்லாம் புலம்பி, போட்டிக்கு வந்த மூன்று பேரை விரட்டினார். எனவே அன்றும் உட்கார்ந்து எழுதினார்: நெட்டையன் படியேறினால் இடது முட்டி துருப்பிடித்த கீல் மாதிரி கிறீச்சிடுகிறது, பயிற்சி மைதானத்துப் பூனைகளெல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டன. அந்த நாற்காலி, மின்விசிறி விலையும் அதன் கீழேதான்.

மறுநாள் ஒரு பத்திரிகை பூனைகளை விட்டுவிட்டு முட்டியை மட்டும் எடுத்துக்கொண்டது. 'அணிக்கு நெருக்கமான வட்டாரங்கள்' என்று போட்டார்கள். பெரிய கிளப் இன்னொரு மருத்துவப் பரிசோதனை கேட்டது. அதற்கு நாள் குறிப்பதற்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிந்தது. நெட்டையன் போகவில்லை. கடைக்காரர் அன்று தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் யோசிக்காதது ஒன்று. நெட்டையன் போய்விடுவான் என்று நம்பி, சொந்த கிளப் அவன் இடத்துக்கு ஏற்கெனவே ஆள் எடுத்திருந்தது. பெரியவர்களே வேண்டாமென்ற முட்டி நமக்கு மட்டும் எதற்கு என்று அவனை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். சீசன் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது. மூன்றாம் பிரிவில், தூரத்து ஊர் அணி ஒன்று பாதிச் சம்பளத்துக்கு அவனை எடுத்துக்கொண்டது.

“நல்லா வியாபாரம் பண்ணீங்க போங்க,” என்றாள் மனைவி. “நீங்களும் வாங்கலை, விக்கவும் விடலை. நடுவுல நின்னு சரக்கை உடைச்சிட்டீங்க.”

அதற்குப்பின் அவர் அந்தப் பக்கத்தில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். 'பழைய சரக்கு எங்கே, விற்றுப்போச்சா?' என்று ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீடு காலி செய்கிறோம், சாமான் பார்க்க வரமுடியுமா என்று ஒரு பெண்குரல் போனில் கேட்டபோது அவர் யாரென்று கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவன் நிலைக்குத் தலை குனிந்து நின்றான்.

“வாங்கண்ணே. இதெல்லாம்தான்,” என்றான் நெட்டையன்.

கூடத்தில் அட்டைப்பெட்டிகள். உள்ளறையில் அவன் மனைவி பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் வழக்கமாக மேசையை இரண்டு தட்டு தட்டுவார், உச்சுக்கொட்டுவார், 'இதை யாரு வாங்குவா' என்று முகத்தைச் சுளிப்பார். இன்று கை எழவில்லை. சட்டைப்பையில் பேனாவைத் தேடுவதுபோல நின்றார்.

“என்னண்ணே, ஒரு குறையும் சொல்ல மாட்டேங்கறீங்க? பயமா இருக்கே.”

“நல்ல சரக்கு தம்பி.”

“பீரோவுல இடது கதவு சரியா மூடாது. முன்னாடியே சொல்லிடறேன்.”

“ஆமா, நீங்களே சொல்லிடுங்க,” என்றது உள்ளிருந்து குரல். “மத்தவங்களுக்கு எதுக்கு வேலை.”

நெட்டையன் சிரித்தான். “அவளுக்குக் கோவம் தீரலை. என் முட்டியைப் பத்தி ஒருத்தன் எழுதினானே, பூனை ஓடுச்சுன்னு, படிச்சீங்களா? நான் விழுந்து விழுந்து சிரிச்சேண்ணே. கூட ஆடுறவங்களுக்கு நானே அனுப்பினேன்.”

அவள் டேப்பும் கையுமாக உள்ளறை வாசலுக்கு வந்தாள். “ஒண்ணுமில்லைன்னு டாக்டர் ரெண்டு தடவை எழுதிக் குடுத்தார். அதை யார் படிச்சா? எல்லாரும் பூனையைத்தான் படிச்சாங்க.”

“விடு,” என்றான் அவன். பிறகு கடைக்காரர் பக்கம் குனிந்து, ஏதோ ரகசியம் போல, “இப்ப என்னன்னா, படியேறும்போது நானே பாதியில நின்னு காது குடுக்கறேன். சத்தம் வருதோன்னு,” என்றான்.

விலையைக் கூட்டிக் கொடுத்துவிடலாமா என்று கடைக்காரர் நினைத்தார். இரண்டு பங்கு கொடுத்தாலும் இவன் அதை நல்ல மனசு என்று எடுத்துக்கொள்வான். அதுதான் தாங்காது. வாயைத் திறந்தார். எத்தனை வீட்டுக் கூடங்களில், எத்தனை நல்ல மரத்தை உளுத்துப்போனதென்று சாதித்த நாக்கு, ஒரு நிஜத்துக்குப் புரளவில்லை.

பில் புத்தகத்தை எடுத்தார். அவர் கடையில் பில்லுக்கு மூன்று கட்டம்: பொருள், விலை, குறை. நாளைக்கு யாரும் யாரையும் குற்றம் சொல்லாதிருக்க இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். மேசைமேல் வைத்து மெதுவாக எழுதினார். மூன்று வரி எழுதி, கூட்டல் கோடு போடப்போன பேனாவை எடுத்துவிட்டு நாலாவதும் எழுதினார். கீழே தன் கையெழுத்தைப் போட்டு, புத்தகத்தை நெட்டையன் பக்கம் திருப்பினார். அவன் விரல் வைத்து மேலிருந்து படித்துக்கொண்டு வந்தான். தோளுக்குப் பின்னால் அவளும் எட்டிப் பார்த்தாள்.

பீரோ ஒன்று. விலை ஒன்பதாயிரம். குறை: இடது கதவு மூடாது.

சாப்பாட்டு மேசை, நாற்காலி நான்கு. விலை பன்னிரண்டாயிரம். குறை: இல்லை.

கட்டில் இரண்டு. விலை பதினான்காயிரம். குறை: இல்லை.

இடது முட்டி. குறை: இல்லை. பூனையை எழுதியது நான்.

நாலாவது வரியில் விலைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. அதனால் கூட்டுத்தொகையும் போடவில்லை. வாங்குபவர் கையெழுத்து ஒன்று. விற்பவர் கையெழுத்து, பாக்கி.