புல்வேலியில் ஒரு சந்து

“இது நோயில்ல, டாக்டரம்மா. கத்தி” என்றார் நாற்றுப்பண்ணை முதலாளி.

செய்தித்தாளில் சுற்றி அவள் கொண்டுவந்திருந்த காய்ந்த தண்டை மேசைமேல் பிரித்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தண்டின் நுனியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். “பாருங்க, சாய்வா ஒரே வெட்டு. அழுகல்னா இப்படி வழவழன்னா இருக்கும்? இதுக்கா மூணு வருஷமா மருந்து அடிச்சீங்க?” பக்கத்தில் தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடக்கியது நன்றாகவே கேட்டது.

அவளுக்கு மானம் போயிற்று. போகாதா பின்னே? இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பண்ணையில் புல் வகைகள் முழுக்க அவள் பொறுப்பு. எந்தத் தூரை எந்த மாதம் பிரிக்க வேண்டும், எதற்கு மணல் கலக்க வேண்டும், எது நிழலில் வைத்தால் கோபித்துக்கொண்டு போய்விடும் என்பதெல்லாம் அத்துப்படி. இலையை இரண்டு விரலால் தடவியே தண்ணீர் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். புல் டாக்டர் என்று கிண்டலாக வைத்த பெயர்தான், நாளாவட்டத்தில் மரியாதை ஒட்டிக்கொண்டு டாக்டரம்மா ஆகிவிட்டது. வாங்க வருகிறவர்களிடம் அவள் தவறாமல் ஒப்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. “செடிக்குச் சீக்குன்னா நாலு பக்கமும் சுத்தி வந்து பாருங்க. முன்பக்கம் மட்டும் பார்த்துட்டு ஓடிவந்து மருந்து கேட்காதீங்க.”

ஊருக்குத்தான் உபதேசம். அவள் வீட்டுப் புல்வேலியை அவளால் ஒரு பக்கம்தான் பார்க்க முடியும். மறுபக்கம் தம்பியின் வீடு.

அப்பா விட்டுப்போன மனையில் முன்பாதியும் பழைய வீடும் அவளுக்கு, பின்பாதி தம்பிக்கு. அவன் அங்கே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டான். நடுவில் வேலியோ சுவரோ எதுவும் இருந்ததில்லை. அவள் அடுப்படி சன்னலில் நின்று கூப்பிட்டால் அவன் வராந்தாவில் இருந்தபடியே பதில் சொல்வான். அம்மா அவளோடு இருந்தாள், கடைசி இரண்டு வருஷம் படுக்கையில். ஒருநாள் காலை அவள் பண்ணைக்குப் போயிருந்த நேரம், அம்மா தானாக எழுந்து நடக்கப் பார்த்துக் குளியலறை வாசலில் விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று, உறவுக்கூட்டம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும்போது தம்பி சொன்னான்: “செடியப் பார்த்துக்கிட்ட அளவுக்கு அம்மாவப் பார்த்திருந்தா அவங்க இன்னைக்கு இருந்திருப்பாங்க.”

பதில் சொல்ல அவளுக்கு வாயில்லாமல் இல்லை. இரண்டு வருஷம் புரட்டிப் படுக்கவைத்தது யார், துணி மாற்றியது யார், ராத்திரியெல்லாம் விழித்தது யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏனென்றால் அன்று காலை பண்ணையில் பம்பு பழுதாகி, அதைச் சரிபண்ணுகிற வரைக்கும் புது நாற்றுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் அதிகமாக நின்றுவிட்டாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். தம்பி தெரியாமல் எறிந்த கல், குறி பார்த்து எறிந்ததுபோல் வந்து விழுந்தது. அடுத்த மாதமே இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தப் புல்லை வரிசையாக நட்டாள். அதோடு பேச்சு நின்றது. பதினொரு வருஷம்.

அந்தப் புல் நாணலுக்குப் பங்காளி முறை. ஒன்றரை ஆள் உயரம் போகும். வெள்ளையாகக் கொத்துக்கொத்தாகப் பூக்கும், ஆனால் விதையெல்லாம் பதர். ஒன்றுகூட முளைக்காது. மண்ணுக்கு அடியில் படுக்கையாக ஓடுகிற கிழங்கை வெட்டி நட்டால்தான் உண்டு. நட்ட முதல் வருஷம் செத்ததா பிழைத்ததா என்றே தெரியாது. வேர் மட்டும் சத்தமில்லாமல் கீழே போய்க்கொண்டிருக்கும். அவசரக்காரர்கள் பிடுங்கிப் பார்த்தே கெடுத்துவிடுவார்கள். இரண்டாம் வருஷம் இடுப்புக்கு வரும். மூன்றாம் வருஷம் ஆளை மறைத்துவிடும். நாள் முழுக்க வெயில் வேண்டும், காலடியில் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மற்றபடி தொந்தரவு தராது. வருஷத்துக்கு ஒருமுறை, எல்லாம் காய்ந்த பிறகு, புதுக் குருத்து கிளம்புவதற்குள் கணுக்கால் உயரத்துக்கு அறுத்துவிட வேண்டும். பிந்தினால் காய்ந்ததோடு குருத்தும் போய்விடும்.

அந்த அறுப்புக்குப் பிறகு வரும் ஆறு வாரம்தான் அவளுக்குக் கண்டம். வேலி இருக்கும், மறைப்பு இருக்காது. அடுப்படி சன்னலுக்குத் தடிப்பான திரை போட்டுக்கொள்வாள். அப்படியும் துணி காயப்போடும்போது, குப்பை கொட்டும்போது கண்ணில் பட்டுவிடும். தம்பிக்குத் தலை நரைத்தது அப்படித்தான் தெரியும். பஸ் டிரைவர் சட்டை கொடியில் காயாமல் போனதைப் பார்த்து, ஓய்வு பெற்றுவிட்டான் என்று புரிந்துகொண்டாள். பேறுகாலத்துக்கு என்று மகள் வீட்டுக்குப் போன தம்பி மனைவி, பேரனை வளர்க்கிறேன் என்று அங்கேயே தங்கிவிட்டதும் அப்படித்தான் தெரிந்தது. போன வருஷம் அவன் கையில் ஒரு ஊன்றுகோல் இருந்தது. அந்த ஆறு வாரம் பார்த்ததை வைத்துக்கொண்டு மிச்சம் நாற்பத்தாறு வாரத்தை ஓட்டினாள்.

தனியாக இருக்கிறாயே என்று யாராவது கேட்டால் எரிந்து விழுவாள். கட்டியவர் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம், பிள்ளை குட்டி இல்லை, அதற்கென்ன இப்போது என்பாள். ஆனால் ஒரு ஆளுக்கு உலை வைப்பதில் ஒரு அலுப்பு இருக்கிறது பாருங்கள், அது வெளியில் சொல்லி மாளாது. சில நாள் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, யாருக்காக இது என்று அப்படியே நின்றுகொண்டிருப்பாள். பிறகு பசிக்கும். சாப்பிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்புதான் வேலியில் சந்து விழ ஆரம்பித்தது. அடுப்படி சன்னலுக்கு நேர் எதிரே, இரண்டு சாண் அகலத்தில். கிழடு தட்டிய தூர் நடுவில் செத்து வெறுமையாவது இந்தப் புல்லின் குணம் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்ததுதான் வம்பு. தோண்டிப் புதுக் கிழங்கு வைத்தாள். அதுவும் முழங்கால் உயரத்துக்கு வந்து மொட்டையாக நின்றது. பூஞ்சை மருந்து, சுண்ணாம்பு, மட்கிய எரு என்று ஒன்று விடாமல் போட்டாள். முதலாளியிடம் காட்டினால் மானக்கேடு என்று மூன்று வருஷம் இழுத்து, கடைசியில்தான் அந்தத் தண்டைக் கொண்டுபோனாள். அந்தப் பக்கம் எட்டி ஒரு பார்வை பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

கத்தி என்று கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. வேலியைக் கொல்கிறானா? அம்மாவைப் பார்க்கவில்லை என்று சொன்னவன், இப்போது அவள் பார்த்து வளர்த்த ஒன்றையும் பிடுங்கப் பார்க்கிறானா? அன்று சாயங்காலமே கொத்தனாருக்குப் போன் போட்டாள்.

கொத்தனார் சனிக்கிழமை வந்து நூல் பிடித்து, வெள்ளைப் பொடியால் மனையின் குறுக்கே கோடு இழுத்தார். “ஆறடி போதும்தானே?”

“ஏழு வைங்க.”

“ஏழா? என்ன, அந்தப் பக்கம் சிங்கம் கிங்கம் இருக்கா?” என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். “சரிம்மா. திங்கக்கிழமை ஏழு மணிக்கு ஆளோட வந்துடறேன். சுவர் வைக்கிறதுகூடப் பெருசில்ல, இந்தப் புல்லு வேரத் தோண்டுறதுதான் பாடு.”

பண்ணைக்குக் கொஞ்சம் கிழங்கு எடுத்து வைத்துக்கொள்வோம் என்று ஞாயிறு மதியம் கடப்பாரையும் கூடையுமாக இறங்கினாள். வெயில் நன்றாக இருந்தது. காற்றுக்குப் புல் முழுக்க சரசரவென்று பேசிக்கொண்டிருந்தது. சந்துக்குப் பக்கத்துத் தூரில் ஆரம்பிக்கலாம் என்று கடப்பாரையை ஓங்கி முதல் குத்துக் குத்தினாள்.

“ஏழடியாமே?” என்றது புல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

கடப்பாரை மண்ணில் அப்படியே நின்றது. குரலில் கரகரப்பு ஏறியிருந்தது. ஆனால் யார் குரல் என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமா?

“ஏழடிதான்” என்றாள், புல்லைப் பார்த்து. “கத்தி எட்டாத உயரம் வேணுமில்ல.”

“நான் வேலிய வெட்டல. கொஞ்சம் சந்துதான் விட்டேன்.”

“எதுக்கு? இங்க என்ன சமைக்கிறேன்னு பார்க்கவா?”

“சமைக்கிறயான்னு பார்க்க.”

வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள், கடப்பாரையின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். அவனே பேசினான். ஒவ்வொரு வார்த்தையாக, பாரம் இறக்குகிறவன் மாதிரி.

“காலையில அஞ்சரைக்கு அடுப்படி லைட்டு எரியும். எரிஞ்சா சரி, நான் போய் டீ போட்டுக்குவேன். எரியலன்னா நான் யாரப் போய்க் கேட்கிறது? போன மழைக்கு ரெண்டு நாள் எரியல.”

“காய்ச்சல்.”

“தெரியும். பண்ணை போர்டுல இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணினேன். யாருன்னு சொல்லல.”

இரண்டாம் நாள் முதலாளி ரொட்டியும் மாத்திரையுமாக வந்து நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். மனுஷனுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அன்றைக்கு நினைத்து அழுதிருக்கிறாள்.

குனிந்து சந்து வழியே பார்த்தாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக. வராந்தாவை விட்டு இறக்கி, வேலிக்கு நான்கடி தள்ளி ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் அவன். முழங்கால்கள் இரண்டும் வீங்கிப் பானைபோல் இருந்தன. மடியில் ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் காய்கறி நறுக்கும் கத்தியைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தான். இதனால்தான் எல்லாத் தண்டும் ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டிருக்கின்றன. உட்கார்ந்த கைக்கு எட்டிய உயரம். அடப்பாவி, இதற்கா பூஞ்சை மருந்து அடித்தோம் என்று நினைத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் காட்டிக்கொள்ளவில்லை.

பழைய பேச்சைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பம்பு பழுதான அந்த ஒரு மணி நேரம் அவளுடைய நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஆனால் வேறு ஏதோதான் வாயில் வந்தது.

“முழங்கால் உயரத்துல வெட்டினா இது சாகாது. துளிர்த்துக்கிட்டேதான் இருக்கும். கிழங்கோட எடுக்கணும்.”

“குனிய முடியல.”

“தெரியுது.”

கடப்பாரையைப் பிடுங்கி, சந்துக்கு நேராக வைத்து இறக்கினாள். பதினொரு வருஷத்து வேர், பின்னிப்பின்னி இறுகிக் கிடந்தது. கல்லில் குத்துவதுபோல் கை அதிர்ந்தது. நெம்பினாள், குத்தினாள், மறுபடி நெம்பினாள். விரல் தடிமனில் ஒரு கிழங்கு முறிந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று ஈரமாகத் தெரிந்தது. எங்கே இருக்கிறது நோய்? புல்லின் இலை முழங்கையில் கீறி ரத்தக்கோடு போட்டது. அதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. மேல்மூச்சு வாங்க ஒரு முழுத்தூரைப் புரட்டிப் போட்டபோது, பக்கத்துத் தண்டுகள் அசைந்து விலகின. அவன் கழுத்தை நீட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவளுக்குப் பின்னாலிருந்த சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம், அக்கா. அடுப்பு தெரியல.”

அவள் நெற்றி வேர்வையைப் புறங்கையால் வழித்தாள். காலடியில் கொத்தனார் இழுத்த வெள்ளைக் கோட்டின் மேல் மண் சரிந்து கிடந்தது.

“யாரு இடதுடா?” என்றாள்.

“உன் இடது.”

கடப்பாரையைத் தூக்கி, ஒரு சாண் இடது பக்கம் நகர்த்தி வைத்தாள்.