அடுத்த ஸ்டாப்பில் பதில்

என் நாத்தனாருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனால்தானோ என்னவோ, இல்லறத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாததே கிடையாது. போன மாதம் ஒரு பட்டியல் அனுப்பினாள். குழந்தை குட்டி உள்ள தம்பதிகள் கைக்காசு கரையாமல் ஜோடியாகப் பொழுது போக்கப் பதினைந்து வழிகளாம்.

முதல் வழி, பிள்ளைகள் தூங்கிய பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுவது. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு முன்னால் அவர் தூங்கிவிடுவார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பஸ் ஓட்டப் போகிற மனுஷன். ஐந்தாவது வழி, சேர்ந்து சமைப்பது. எங்கள் சமையலறையில் ஒருவர் திரும்பவேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போகவேண்டும். ஒன்பதாவது, பூங்காவில் கைகோத்து நடப்பது. நடந்தோம். என் ஒரு கையைப் பெரியவளும் இன்னொரு கையைச் சின்னவனும் கோத்துக்கொண்டார்கள். அவர் பின்னால் தண்ணீர் பாட்டிலும் சின்னவனின் ஒற்றைச் செருப்புமாக வந்தார்.

பதினாறாவது வழியை நானே கண்டுபிடித்தேன். ஓட்டுநரின் குடும்பத்துக்கு பஸ்ஸில் இலவச பாஸ் உண்டு. பெரியவள் பள்ளிக்கும் மூன்று வயதுச் சின்னவன் நர்சரிக்கும் போன பிறகு, செவ்வாய்க்கிழமை பத்து மணி வண்டியில் ஏறி அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி ஏறின இடத்திலேயே கொண்டுவந்து விடுகிற வண்டி அது. கண்டக்டர் கிடையாது, டிக்கெட்டும் அவரே கொடுப்பார். இரண்டு மணி நேரம் ஆகும். நர்சரி விடுவது பன்னிரண்டரைக்குத்தான்.

ஒரே ஒரு சங்கடம். வண்டி ஓடும்போது ஓட்டுநர் பேசக்கூடாது. தலைக்கு மேல் காமிரா வைத்திருக்கிறார்கள். பேசிக்கொண்டே ஓட்டிய ஒருவரை மூன்று நாள் வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். அதனால் ஸ்டாப்பில் நிறுத்திக் கதவைத் திறந்தால்தான் இவர் வாயையும் திறப்பார். ஒரு ஸ்டாப்புக்குப் பதினைந்து விநாடி. நடுவில் நான் ஜன்னலைப் பார்த்தபடி பேசுவேன், அவர் சாலையைப் பார்த்தபடி கேட்பார். பெண்டாட்டி பேசப் பேசப் புருஷன் குறுக்கே பேசாமல் கேட்பதென்றால், கரும்பு தின்னக் கூலியா? முதல் இரண்டு செவ்வாயும் சிரிப்பும் கேலியுமாகப் போயின.

மூன்றாவது செவ்வாய் அப்படியில்லை. பத்து நாளாக ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் கண்ணாடிக் கடைப் பட்டறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்திக்கொண்டிருந்தவள். பெரியவள் பிறந்ததோடு நின்றேன், ஆறு வருஷம் ஆகிறது. அங்கிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டிருந்தார். திரும்ப வருகிறாயா, செவ்வாய் மதியம் பன்னிரண்டுக்குள் சொல், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று. வீட்டில் இதைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் யாருக்காவது பசித்தது, யாராவது விழுந்தார்கள், யாராவது கழிவறையிலிருந்து கத்தினார்கள். உண்மையைச் சொல்வதென்றால், எனக்குப் பயமாகவும் இருந்தது.

வண்டி பாதி ஊரைத் தாண்டும்வரை தைரியம் வரவில்லை. அப்புறம் ஜன்னலைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் கதவு திறந்தது.

"பழைய வேலையேவா?"

"ஆமாங்க. அதே பட்டறை."

கதவு மூடியது. அடுத்த ஸ்டாப்.

"எத்தனை மணிக்கு?"

"காலைல ஏழு டு மூணு."

அதற்கடுத்த ஸ்டாப்பில் முதியவர்கள் நாலு பேர் நிதானமாக ஏறினார்கள். கூடுதலாக நேரம் கிடைத்தது.

"அப்ப சின்னவன யாரு கூட்டிட்டு வர்றது?"

"நீங்கதான். சாயந்திர ஷிப்டுக்கு மாத்திக்கிட்டீங்கன்னா."

அவ்வளவுதான். அடுத்த ஸ்டாப்பில் கதவு திறந்தது, மூடியது. அதற்கடுத்ததிலும் அப்படியே. கிணற்றில் போட்ட கல். எனக்கு அவருடைய பின்னங்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

பக்கத்து சீட்டில் தைத்த துணி மூட்டையை மடியில் வைத்திருந்த தையல்கார அக்கா என் பக்கம் சாய்ந்தாள். "என்னம்மா, பதிலையே காணோம்?"

"நீங்க இறங்கலையாக்கா?"

"என் ஸ்டாப் போயி ரெண்டு ஸ்டாப் ஆச்சு. அது கெடக்குது விடு."

எதிர்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் வெகுநேரமாகப் பக்கமே திருப்பவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர்க் காதை மூடவும் ஒன்றுமில்லை.

பள்ளிக்கூட ஸ்டாப்பில்தான் அவர் வாய் திறந்தார். "எட்டு வருஷம் காத்திருந்து வாங்கின காலை ஷிப்ட். உனக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியாதா? அந்த எட்டு வருஷமும் நடுராத்திரியில் கதவைத் திறந்துவிட்டது யார்? வண்டி நகர்ந்ததும் எனக்கு வந்ததே கோபம். ஜன்னலைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு அவர் முதுகைப் பார்த்தே கத்திவிட்டேன்.

"நீங்க வட்டமா வட்டமா ஓட்டினாலும் ஊரையாவது பாக்கறீங்க. நான் ஆறு வருஷமா குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டறேன். காலைல அந்தக் கதவச் சாத்தினா எனக்கு மூச்சு முட்டுதுங்க. பெத்த பிள்ளைங்க கூப்பிட்டாலே சில நாள் பயமா இருக்கு. வெளிய சொன்னா அசிங்கம்னு சொல்லாம இருந்தேன். இப்ப சொல்லிட்டேன்."

வண்டியில் இருந்த இருபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் அவர் மெதுவாக ஆரம்பித்தார். "ராத்திரி நான் வர்றப்ப மணி ஒண்ணாயிடும். நீ தூங்கிட்டிருப்ப. காலைல நீ ஆறரைக்குக் கிளம்பறப்ப நான்..." பின்னாலிருந்து யாரோ போலாம் என்றார்கள். கதவை மூடினார்.

அடுத்த ஸ்டாப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "மூணரைக்கு நீ உள்ள வருவ, நான் வெளிய போவேன். எனக்கு லீவு புதன், உனக்கு ஞாயிறு."

அதற்கடுத்ததில், "அப்ப நாம எப்பதான் பாத்துக்கறது?"

பத்து நாளாக நான் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். சாவி யாரிடம், பால் யார் வாங்குவது, பெரியவளுக்குத் தலை பின்ன அவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எல்லாம். இதை யோசிக்கவே இல்லை. ஷிப்ட் போகிறதே என்றுதான் அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். நான் போட்ட திட்டத்தில் பிள்ளைகள் இருந்தார்கள், பால்காரர்கூட இருந்தார், புருஷன் இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மணி பதினொன்று ஐம்பது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாளைக் காலை மறுபடி அதே கதவு, அதே நான்கு சுவர். வாழ்நாள் முழுக்க இவரைக் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பேன், என்னை எனக்குத் தெரியும். சரி என்று சொன்னால் இந்த ஓட்டை சீட்டும் பதினைந்து விநாடியும்கூட இனிமேல் கிடையாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கதவு திறந்தபோது, "தெரியலைங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். அடுத்த ஸ்டாப் தூரத்தில் இருந்தது. மேம்பாலம் ஏறி இறங்கி, சிக்னலில் நின்று, அங்கே போய்ச் சேரப் பல வருஷம் ஆனது எனக்கு. கதவைத் திறந்துவிட்டு முன்பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"போனப் போடு. வர்றேன்னு சொல்லு."

"ஷிப்ட்?"

"டிப்போல எழுதிக் குடுத்துடறேன். காலை ஷிப்ட வாங்கிக்க ஆளா இல்ல? வரிசைல நிக்கறாங்க." அப்புறம் கொஞ்சம் தணிந்த குரலில், "மூச்சு முட்டுதுன்னு நீ எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது சூப்பர்வைசர் போனை எடுத்தார். "திங்கட்கிழமைலேர்ந்து வர்றேன் சார்" என்றேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தையல்கார அக்கா என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பாமல் அவர் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் ஸ்டாப்புக்கு முன்னால் இன்னும் நான்கு ஸ்டாப் இருந்தன. உச்சி வெயில். முதல் ஸ்டாப்பில் ஈ காக்கை இல்லை. இறங்கவும் யாரும் மணி அடிக்கவில்லை. அப்படிப்பட்ட ஸ்டாப்பில் எந்த ஓட்டுநரும் நிறுத்தமாட்டார். இவர் நிறுத்தினார். கதவைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் முன்னால் நகர்ந்தேன். அவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நெற்றிப் பக்கம் முடி ஏறியிருந்தது. எப்போது ஏறியதென்று எனக்குத் தெரியவில்லை. பதினைந்து விநாடி கழித்துத் திரும்பிக் கதவை மூடினார்.

இரண்டாவதிலும் யாருமில்லை. நிறுத்தினார், திரும்பினார், பார்த்தார்.

மூன்றாவதில் பின் சீட்டிலிருந்து ஒருவர் பொறுமையிழந்து குரல் கொடுத்தார். "ஆளே இல்லாத ஸ்டாப்ல எதுக்கு சார் நிறுத்தறீங்க?"

பேப்பர் பெரியவர் அந்தப் பக்கம் திரும்பினார். "நான்தான் இறங்கணும். கொஞ்சம் பொறுங்க" என்றவர் சீட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

நான்காவதிலும் நிறுத்தினார். இந்த முறை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாவது என்னுடைய ஸ்டாப். அங்கே ஏறுவதற்கு ஒரு கூட்டமே நின்றது. கதவு திறந்ததும் டிக்கெட் கேட்டு ஆறேழு கைகள் அவர் பக்கம் நீண்டன. சின்னவனைக் கூப்பிட நேரமாகிவிட்டது. நான் பின்கதவு வழியாக இறங்கினேன்.