கீழே ஒரு வரி

மார்ச் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, விற்பனை வரி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஏழாம் எண் கவுண்டரில், திரைச்சீலை தைக்கும் பெண் ஒருத்தியின் பதிவு விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டது.

விண்ணப்பத்தில் குறை ஒன்றும் இல்லை. வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை நகல், காது இரண்டும் தெரியும்படி எடுத்த புகைப்படம் எல்லாம் வரிசையாக இருந்தன. 'தொழில் நடப்பதற்கு ஆதாரம்' என்ற இடத்தில் அவள் தன் பில் ஒன்றைக் கிழித்து இணைத்திருந்தாள். வினை அங்கேதான் இருந்தது.

பில் பார்க்க லட்சணமாக இருந்தது. மேலே கடையின் பெயர், ஓரத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் படம், நடுவில் நேர்த்தியான கட்டங்கள். எல்லாவற்றுக்கும் கீழே, சாய்ந்த எழுத்தில்: 'விலை அனைத்தும் வரி உட்பட'.

அதிகாரி அந்த இடத்தில் பேனா முனையை வைத்தார். "இந்த வரியைப் போட்டது யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்தான் சார். கீழ மொட்டையா இருக்கு, ஒரு வரி இருந்தா எடுப்பா இருக்கும்னு போட்டார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வரி போடறது அரசாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் எப்போலேர்ந்து போட ஆரம்பிச்சார்?"

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற டயர் வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மணி நேரமாகக் கால் கடுக்க நின்றவருக்குச் சிரிக்க ஏதோ கிடைத்தது. அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். அதிகாரி சிரிக்கவில்லை என்று கண்டபின் நிறுத்திக்கொண்டாள்.

"பதிவு பண்றதே வரி வசூல் பண்ண அனுமதி வாங்கறதுக்குத்தான். அனுமதி வாங்கறதுக்கு முன்னாடியே வசூல் பண்ணிட்டேன்னு நீங்களே அச்சடிச்சு என் கையில குடுக்கறீங்க."

"ஐயோ, வசூல் பண்ணலை சார். துணிக்கும் தையலுக்கும்தான் வாங்கினேன்."

"காகிதம் அப்படிச் சொல்லலையே."

"சீக்கிரம் ஒரே வரியில சொல்லி முடிங்கம்மா," என்றார் டயர் வியாபாரி. "எனக்கு நாலு வரி இருக்கு."

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். வரி வாங்கியது உண்மை என்றால் அபராதம், விண்ணப்பமும் தள்ளுபடி. வாங்கவில்லை என்றால், அந்தச் சொற்கள் பில்லில் எப்படி வந்தன, எங்கே அச்சானது என்று எழுத வேண்டும். பதிவு எண்ணைப் பார்க்காமல் வரி என்ற சொல்லோடு பில் அடிப்பது அச்சகத்தின் தப்பு. அவர்களுக்கும் நோட்டீஸ் போகும்.

"இப்ப நீங்க வாயால சொன்னது என் காதுல விழலை. எழுத்துல என்ன வருதோ, அதுதான் எனக்கு."

இது இரக்கமா மிரட்டலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. படியிறங்கும்போது இரண்டுமாகவே இருக்கலாம் என்று தோன்றியது.

அவளுக்கு அந்தப் பதிவு எண் வேண்டும். மூன்று வருடமாக வீட்டுக்கு ஒரு ஜன்னல், இரண்டு ஜன்னல் என்று தைத்துக்கொண்டிருந்தவளை, புதிதாகக் கட்டிய மருத்துவமனை ஒன்று கூப்பிட்டிருந்தது. நாற்பத்தாறு ஜன்னல்; அதுபோக, கட்டிலுக்குக் கட்டில் தடுப்புத் திரை. கொள்முதல் பிரிவில் இருந்த பெண் நல்லவிதமாகத்தான் சொன்னாள்: "மாசக் கடைசிக்குள்ள பதிவு எண் குடுத்துடுங்கக்கா. எண் இல்லாதவங்ககிட்ட நாங்க வாங்க முடியாது." அதை நம்பித்தான் கடைக்கென்று ஒரு முன்னறையை வாடகைக்குப் பிடித்தாள், இரண்டாவது மிஷின் வாங்கினாள்.

கணவர் பகல் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு அந்த அறைக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகத்தில் பதினேழு வருடமாக வேலை. பில் புத்தகப் பிரிவும் பிழை திருத்தமும் அவர் பொறுப்பு. ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காக மூவாயிரம் துண்டறிக்கையைத் திரும்ப அடிக்க வைத்தவர் என்பதால் அங்கே அவருக்குக் 'காற்புள்ளி' என்று பட்டப்பெயர். அவளுக்குப் பத்து பில் புத்தகம் அடித்துக் கொண்டுவந்து வெட்டு மேசையில் அடுக்கிய அன்று, அவர் முகத்தில் இருந்த பெருமையை அவள் இன்னும் மறக்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் சிரித்தார். "நான் அடிக்கற எல்லாப் பில்லுலயும் அந்த வரி இருக்கும். கை தானா போட்டுடுச்சு."

"உங்க கை என்னைக் கொண்டுபோய்க் கவுண்டர்ல நிறுத்திடுச்சு. சரி, அச்சகத்துப் பேரை எழுதித்தானே ஆகணும். முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவர் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். நகக்கண்ணில் நீல மை இருந்தது.

"ஏங்க. முதலாளிகிட்ட சொல்லித்தானே அடிச்சீங்க?"

"சனிக்கிழமை அரை நாள். எல்லாரும் போயாச்சு. கட்டிங்ல மிஞ்சின காகிதம்தான், குப்பைக்குப் போறது."

"நான் காகிதத்தைக் கேக்கலை."

"சொல்லலை."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மிஷினில் பாதி தைத்த திரை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தாளை எடுத்து, துணிக்கட்டின் மேல் வைத்து எழுதினாள். வரி எதுவும் வசூலிக்கவில்லை என்று எழுதினாள். பில் புத்தகங்களை ஒரு கடையில் ஆயத்தமாக வாங்கியதாகவும், அச்சிட்டிருந்ததைக் கவனிக்கவில்லை என்றும் எழுதினாள். அவரிடம் நீட்டினாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். எதைப் படித்தாலும் அது வெளியே வந்துவிடும். 'வசூலிக்கவில்லை'யில் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டார். அடுத்த வாக்கியத்தில் பேனா நின்றது.

"எந்தக் கடைன்னு கேட்டா?"

"ஏதோ ஒரு கடை."

"கடைப் பேரோட, ஜன்னல் படத்தோட பில் புஸ்தகம் எந்தக் கடையில தொங்குது? எவன் பேரையாவது எழுதிக் குடுத்தா அவன் தலையில விடியும்."

"உங்க தலையில விடியலாமா? பதினேழு வருஷம்ங்க. போயிடும்."

"தெரியுது."

"அப்ப ஒண்ணு செய்யறேன். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கறேன். பழையபடி ஒண்ணு ரெண்டு ஜன்னல் தைச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் வாடகை அறையைச் சுற்றிப் பார்த்தார். புது மிஷினின் மேல் போர்த்தியிருந்த உறையைக்கூட அவள் இன்னும் எடுக்கவில்லை. மருத்துவமனைத் துணியில்தான் முதல் தையல் போடுவேன் என்று வைத்திருந்தாள்.

"நாற்பத்தாறு ஜன்னல்," என்றார். பிறகு அந்த வாக்கியத்தின் குறுக்கே சிவப்பில் நேராக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் அச்சகத்தில் போடும் நீக்கல் சுழியைப் போட்டார். பக்கத்திலேயே பொடி எழுத்தில் எழுதினார்: 'மேற்படி புத்தகங்களை அச்சக உரிமையாளருக்குத் தெரியாமல் நான் அச்சிட்டேன். வரி உட்பட என்பது என் கைப்பிழை.'

"கைப்பிழைக்கு ஒற்று வேணுமா?" என்று அவள் கேட்டாள். கேட்டபின்தான் அழுதாள்.

"போட்டிருக்கேன் பாரு."

அதைப் பார்த்துச் சுத்தமாக நகலெடுத்தாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நோட்டீஸ் வருவதற்கு முன் முதலாளியிடம் தானே சொல்லிவிடுவதாக அவர் சொன்னார். வியாழன் சொல்கிறேன் என்றார், பிறகு திங்கள் என்றார். சொல்லவில்லை.

பதிவுச் சான்றிதழ் மார்ச் இருபத்தெட்டாம் தேதி வந்தது. மருத்துவமனை முப்பதாம் தேதி ஆர்டரில் கையெழுத்திட்டது. ஏப்ரல் நான்காம் தேதி அச்சகத்துக்கு நோட்டீஸ் போனது. ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.