யாபேஸ் பிறந்த வருஷம்

எங்கள் குடும்பத்துக்கு வம்சாவளிப் பைத்தியம் உண்டு. இங்கே மாசசூசெட்ஸில் அது ஊர்ப்பட்ட பேருக்கு இருப்பதுதான், ஆனால் தோர்லிகளுக்கு முற்றிப்போய்விட்டது. முதல் தோர்லி, ஒபதியா, இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து இந்த ஆற்றங்கரையில் இரும்பு உலை போட்டவர். அவர் பேரைச் சொல்லித்தான் இருநூற்று நாற்பது வருஷமாக நாங்கள் மிதப்பாகத் திரிகிறோம். அவரைப் பற்றி என் பெரியப்பா சைரஸ் எழுதி அச்சடித்த புத்தகம், எங்கள் வீடுகளில் பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கும். பைபிளைச் சந்தேகப்பட்டவர்கள் எங்களில் ஒன்றிரண்டு பேர் உண்டு. பெரியப்பாவின் புத்தகத்தைச் சந்தேகப்பட்டவர் யாருமில்லை.

அந்தப் புத்தகத்தின் பதினான்காம் பக்கம்தான் வினை. ஒபதியாவுக்கும் அன்னாளுக்கும் கல்யாணம் ஆனது 1667, மே 9. மூத்த மகன் யாபேஸ் பிறந்தது 1667, மார்ச் 2. அதாவது கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால். அதற்குக் கீழே பெரியப்பா ஒரே வரி எழுதினார்: "இவன் சந்ததி இந்நூலில் சேராது."

புத்தகம் வந்தது 1884-ல். அதுவரை யாபேஸின் வழியில் வந்தவர்களும் எங்களோடு ஒரே பந்தியில்தான் சாப்பிட்டார்கள். அக்டோபர் முதல் சனிக்கிழமை, பழைய உலை இருந்த மேட்டில் மேஜை போட்டுக் குடும்பமே கூடும். அந்த வருஷத்திலிருந்து அவர்களுக்கு அழைப்பு போகவில்லை. அவர்களில் ஒருவரான, சதுப்பில் கிரான்பெரி என்ற புளிப்புப் பழம் போட்டுப் பிழைக்கும் ஏனோஸ் தோர்லி மட்டும் ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு பீப்பாய் பழத்தை வண்டியில் கொண்டுவந்து வாசல் கேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போவார். நாங்களும் வெட்கமில்லாமல் தின்போம்.

இந்த வருஷம், 1909 வசந்தத்தில், ஏனோஸுக்கு நெஞ்சில் சளி கட்டிப் பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. எழுபத்தெட்டு வயது. அடுத்த குளிரைத் தாண்டுவது சந்தேகம் என்றார் டாக்டர். நான் டவுன் ஆபீசில் பழைய பதிவேடுகளைப் பிரதி எடுக்கும் வேலை பார்க்கிறேன். ஏனோஸ் அங்கே வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டமாரிஸம்மா, அந்தப் பந்தில இன்னொரு தடவ உக்காந்து சாப்புடணும்னு ஆசையா இருக்கு. உங்க பெரியப்பாகிட்ட கேட்டுப் பாக்கறியா?"

கேட்டேன். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பாவம்தான். ஆனா புஸ்தகத்துல அப்பிடி இருக்கே."

"புஸ்தகத்த எழுதினதே நீங்கதான?"

"அதனாலதாம்மா மாத்த முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

ஆகஸ்டில் 1667-ஆம் வருஷப் பதிவேட்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் 1667 முடிந்தது. அடுத்த வரி ஜனவரி 1667. அந்தக் காலத்து கிளார்க் போதையில் எழுதியிருப்பான் என்று நினைத்தேன். பிப்ரவரி 1667. மார்ச் 2, 1667: யாபேஸ், ஒபதியா தோர்லியின் மகன். மார்ச் 25 வந்ததும்தான் 1668 என்று மாறியது. முந்தைய வருஷங்களையும் புரட்டினேன். எல்லாம் அப்படித்தான். அந்தக் காலத்தில் இங்கே புது வருஷம் மார்ச் இருபத்தைந்தில்தான் பிறந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான், பெரியப்பாவுக்கும் தெரிந்ததுதான். எழுதும்போது அவருக்கு நினைவு வரவில்லை, படித்த எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

அப்படியானால் நம் கணக்கில் யாபேஸ் பிறந்தது 1668 மார்ச்சில். கல்யாணம் ஆன மே மாதத்திலிருந்து அடுத்த மார்ச் வரை விரல்விட்டு எண்ணினேன். பத்து மாதம். யாபேஸ் முறையாகப் பிறந்த மூத்த பிள்ளை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

அன்றைக்கே பிரதியைக் கொண்டுபோய்ப் பெரியப்பா முன்னால் வைத்தேன். மூன்று தடவை படித்தார். லேசில் விடுகிற மனிதரில்லை.

"அப்ப உலைய ஏன் சின்னவனுக்குக் குடுத்துட்டு, மூத்தவனுக்கு அந்தச் சதுப்புச் சேத்தக் குடுத்தாரு?"

"உலைல போட்ட இரும்பு மண்ண எங்கருந்து அள்ளினாங்க, பெரியப்பா?"

சதுப்பின் அடியிலிருந்துதான் அள்ளினார்கள் என்று ஆறாம் பக்கத்தில் எழுதியவரே அவர்தான். அந்தச் சேறு இல்லாவிட்டால் உலை வெறும் அடுப்பு. ஒபதியா நல்ல பங்கைத்தான் மூத்த மகனுக்குக் கொடுத்திருக்கிறார்.

"எனக்கு எழுவத்தொம்பது வயசாச்சு, டமாரிஸ். அத்தன பேர் முன்னாடி நான் ஒரு மடையன்னு ஒத்துக்கணுமா?"

"நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். எனக்கு நாசூக்கா சொல்லத் தெரியாது."

அதற்குப் பிறகு ஆறு வாரம் என்னோடு பேசவில்லை.

அக்டோபர் முதல் சனிக்கிழமை நூற்றிருபது பேர் மேஜையில் உட்கார்ந்துவிட்டோம். பீன்ஸ் பானைகள் திறந்தாயிற்று. கேட்டில் ஏனோஸின் வண்டி வந்து நின்றது. பெரியப்பா எழுந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், தடியை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏனோஸ், நான் தேதிய தப்பாப் படிச்சுட்டேன். யாபேஸ் முறையாப் பொறந்தவருதான்."

"எங்க வீட்ல அத எப்பவும் சொல்லிட்டுத்தான் இருந்தோம். நீங்க யாரு கேட்டீங்க?"

பெரியப்பாவின் முகம் சிவந்தது. "எறங்கி வாப்பா. வந்து உக்காரு."

ஏனோஸ் வண்டியை விட்டு அசையவில்லை. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இருபத்தைந்து வருஷம் காத்திருந்தார்.

"நாங்க நாப்பத்தோரு பேரு. எல்லாரும் கீழ சதுப்புல பழம் பறிச்சிட்டு இருக்காங்க. நான் மட்டும் உக்காந்தா தொண்டைல எறங்காது, சைரஸ்."

இவர் இப்படித் திரும்பிப் போனால் அடுத்த அக்டோபரில் இருப்பாரோ என்னவோ. பெரியப்பா மேஜைகளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

"வர எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி. காலெல்லாம் சேறா இருக்கும்."

"இருக்கட்டும்" என்றார் பெரியப்பா. பிறகு மேஜைப் பக்கம் திரும்பி, எனக்குத் தெரிந்து வாழ்நாளில் முதல் தடவையாகத் தொண்டை கிழியக் கத்தினார்.

"யாரும் கை வைக்காதீங்க. போயி சர்ச்சுலேருந்து பெஞ்சத் தூக்கிட்டு வாங்க. நம்ம ஆளுங்க இன்னும் வரல."

பீன்ஸ் ஆறிப்போனது. பெஞ்சுகளைப் போட்டுவிட்டு, நூற்றிருபது பேரும் கரண்டியைத் தொடாமல் காத்திருந்தோம்.