சிவப்புக் கோடுகளுக்கு நடுவே

அஸ்மியாவின் புள்ளி மறுபடியும் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. ஸம்ஸியா அதைப் பார்க்காதவள் போல அரிசிப் பையின் வாயை ஒட்டிக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் ஷரிபுதீன் ஹாஜியாரின் அரிசி மில்லுக்குக் கொழும்பிலிருந்து பெரிய ஓடர் வந்தது. ஐந்து கிலோப் பைகள். எடை கூடினால் மில்லுக்கு நட்டம், குறைந்தால் பைகள் திரும்பி வந்துவிடும். அதைக் கவனிக்கப் பாண்டிருப்பிலிருந்து மேனுஜா என்ற பிள்ளையை வேலைக்கு எடுத்தார்கள். கம்பஸில் பட்டம் முடித்தவள். பை நிரப்பும் இரண்டு மெஷின்களுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு பெரிய தாளாக ஒட்டினாள். நடுவில் ஒரு கறுப்புக் கோடு, மேலும் கீழும் இரண்டு சிவப்புக் கோடுகள். மணிக்கொரு தரம் ஐந்து பைகளை நிறுத்து, சராசரி எடுத்து, ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு மெஷின் ஸம்ஸியாவிடம். மற்றது அவளுடைய தங்கச்சி அஸ்மியாவிடம். மாதம் முடிய, இருவரில் ஒருத்திக்குப் பைப் பகுதியின் பொறுப்பைக் கொடுப்பதாக ஹாஜியார் சொல்லியிருந்தார்.

இந்த ஒன்றாவது எனக்கு வரட்டும் என்று ஸம்ஸியா நினைத்தாள். ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டாள்.

அவளுடைய தாளில் புள்ளிகள் தாறுமாறாக ஓடின. ஒரு பை கொஞ்சம் கூடினால் மெஷினின் எடைத் திருகைக் குறைப்பாள். அடுத்தது குறைந்தால் கூட்டுவாள். தங்கச்சியுடையது போல நடுவில் நிற்க வேண்டும் என்று எவ்வளவு பாடுபட்டாளோ அவ்வளவுக்கு அது கோட்டைத் தாண்டிப் போனது. அஸ்மியாவோ திருகின் பக்கமே போகாமல் வாயில் ஏதோ பாட்டோடு பை நிரப்பினாள். அவளுக்கு எல்லாம் அப்படித்தான். சும்மா இருந்தாலே சரியாக நடக்கும்.

மேனுஜா ஒருநாள் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அக்கா, தொடாதீங்க. சிவப்புக் கோட்டுக்குள்ள ஏறி இறங்கிறது தன்ர பாட்டுக்கு வாற ஆட்டம். அதுக்குக் காரணம் இல்ல.”

“காரணம் இல்லாம என்ன கா நடக்கும்? ஒரு பை கூடுது, ஒரு பை குறையுது. ஏன் எண்டு கேக்கக் கூடாதா?”

“வெளிய போனாக் கேளுங்க. உள்ளுக்க கேட்டா விசர்தான் பிடிக்கும்.”

அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும். ஆறு வருஷமாக ஸம்ஸியா கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடும் ஒரே ஒழுங்கையில்தான் இருந்தன. அஸ்மியா காலையில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு யாரோ பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று கடலுக்குத் தள்ளியிருக்கும் சம்மாந்துறைக்குப் போய்விட்டாள். அடுத்த கிழமையும் போயிருக்கலாம். போகத் தோன்றியது, போனாள். ஸம்ஸியாவுக்குத் தோன்றவில்லை. அவளுடைய மகன் ஹாதிக் கடலோடு போய்விட்டான். அல்லாஹ்ட நாட்டம் என்று சொல்லி அவள் புருஷன் காலிதீன் அழுது ஓய்ந்துவிட்டான். அவளால் ஓய முடியவில்லை. அஸ்மியாவின் மூத்தவனும் ஹாதிக்கும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் புதுச் சட்டையோடு வந்து “பெரியம்மா” என்று நிற்கும்போது, ஹாதிக் இப்போது இந்த உயரம் இருப்பான் என்று கணக்குப் பார்ப்பாள். அவனை அணைத்துக்கொள்வாள். அணைத்தபடியே தங்கச்சியை வெறுப்பாள்.

என்றாலும் மேனுஜா சொன்னபடி செய்து பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு நாளில் அவளுடைய புள்ளிகளும் அடங்கி, கோடுகளுக்குள் வந்துவிட்டன. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்துத் தாள் அதைவிட அழகாக இருந்தது. தன் திருகைத் தொடாமல் இருக்கப் பழகிய கைக்கு வேறு வேலை தேவைப்பட்டது. வியாழக்கிழமை மத்தியானம் அஸ்மியா லுஹர் தொழப் போன நேரம், ஸம்ஸியா அவளுடைய மெஷினுக்குப் போய்த் திருகைக் கொஞ்சமாகத் திருப்பிவிட்டு வந்தாள். புள்ளி இதோ சிவப்புக் கோட்டைத் தாண்டும், இதோ தாண்டும் என்று காத்திருந்தாள். தாண்டவில்லை. அஸ்மியாவும் மேனுஜா சொன்ன சொல் தட்டாமல், கோட்டைத் தாண்டாதவரை திருகில் கை வைக்கவில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை ஹாஜியாரும் மேனுஜாவும் வந்து தாள்களின் முன் நின்றார்கள். மேனுஜா அஸ்மியாவின் தாளில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள்.

“ஒண்டும் வெளிய போகல்ல. ஆனா வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு புள்ளிகூட நடுக்கோட்டுக்குக் கீழ வரல்ல. எல்லாம் மேல. இது தன்ர பாட்டுக்கு வாற ஆட்டம் இல்ல. காரணம் இரிக்கு. ஆரோ திருகில கை வெச்சிருக்காங்க.”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அஸ்மியா தாளைப் பார்த்தாள். பிறகு ராத்தா ஸம்ஸியாவின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். ஸம்ஸியாவின் கையிலிருந்த பை நழுவி மேசையில் விழுந்தது.

“நான்தான் மிஸ்,” என்றாள் அஸ்மியா. “கைப்பிழை.”

ஹாஜியார் உச்சுக்கொட்டினார். “அப்ப ஸம்ஸியா பொறுப்பா நிக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டது கிடைத்துவிட்டது. தங்கச்சி சண்டை பிடித்திருந்தால், நாலு பேருக்கு முன் ஏசியிருந்தால் ஸம்ஸியாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவளாக இருக்கிற பாக்கியமும் இவளுக்கேவா? தோற்றும் இவளே ஜெயிக்கிறாளே என்று பொறாமை முன்னைவிடக் கூடியது.

மேனுஜா ஒரு பேனாவை அவளிடம் நீட்டினாள். “இனி நீங்கதானே பொறுப்பு. அந்தப் புள்ளிகளச் சுத்தி வட்டம் போட்டு, பக்கத்தில காரணத்த எழுதுங்க அக்கா.” சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டாள்.

ஸம்ஸியா வட்டம் போட்டாள். அது கோணலாக வந்தது. பக்கத்தில் ‘காரணம்’ என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

பின்னால் அஸ்மியா அடுத்த பையைத் தராசில் வைத்தாள். “கைப்பிழை எண்டு போடுங்க ராத்தா.”

ஸம்ஸியா திரும்பவில்லை. “ஆர்ர கை எண்டு போட?”

கேட்டபிறகுதான் திரும்பினாள். தராசில் இலக்கங்கள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. அவை ஓரிடத்தில் நிற்கட்டும் என்று இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.