மிதிக்கும்போது பார்த்த இதயம்

சாய்வுக் கட்டிலில் படுத்தபடியே உமாபதி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். கால்மாட்டில் பெடல்கள். நெஞ்சில் வழவழவென்று எதையோ தடவி, கருவியை அழுத்திப் பிடித்திருந்தாள் பத்மினி. நகரி ஊர்ப் பெண், திருப்பதி ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் பிடிப்பது அவள் வேலை.

குப்பம் பக்கத்துக் குவாரியில் கல்லில் துளை போடுகிறவன் உமாபதி. கொஞ்சம் மேடேறினாலே மூச்சு முட்டுகிறது. குவாரிக்கு வரும் டாக்டர் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போ என்றுவிட்டார். மனைவி ரூபாதான் நம்பாமல் இங்கே இழுத்து வந்திருந்தாள். இங்கே ஏதாவது குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வேலை போய்விடுமே என்பது அவன் பயம்.

பயத்தையும் மீறி அவன் கண் திரையிலேயே இருந்தது.

"இதான் என் குண்டியா மேடம்?"

குப்பம் பக்கத்துத் தெலுங்கில் இதயத்துக்கு அதுதான் பேர் என்பது பத்மினிக்குத் தெரியும். சிரிக்கவில்லை.

"ஆமாண்ணா. இந்த வலது பக்கம்தான் நுரையீரலுக்கு ரத்தத்தத் தள்ளுது. மூச்சு வாங்குதா?"

"இல்லியே."

அவள் பெடலின் பாரத்தைக் கூட்டினாள். அவன் வாயை இறுக மூடி, மூக்கால் மட்டும் இழுத்துக்கொண்டு சிரித்த முகமாகவே மிதித்தான். திரையில் வலது அறை வீங்கி, நடுச்சுவரை இடது பக்கமாக நெட்டிக்கொண்டிருந்தது. பத்மினிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இப்படி ஒரு இதயத்தோடு எவனால் சிரிக்க முடியும்?

"நெஜமாவே வாங்கலியா?"

சுவரோரம் நின்ற ரூபாவுக்கு ஆத்திரம் வந்தது. "அது சொல்லாது மேடம். மேஸ்திரி எதிர்ல மூச்சு வாங்குனா மறுநாள் வேலைக்கு வேணாம்னுடுவான். அங்க எல்லாரும் இப்படித்தான் வாய மூடிக்கினு இருப்பாங்க."

"நிறுத்துங்கண்ணா," என்றாள் பத்மினி. "நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் ஏறிப்போச்சு. படுத்திருந்தா தெரியாது, பாரம் ஏறுனாத்தான் தெரியுது. இனிமே துளை போடுற வேலை ஆவாது. டாக்டர் வந்து சொல்வாரு."

உமாபதியின் கால்கள் ஓய்ந்தன. திரையில் வீக்கம் மெல்ல வடிந்து, வலது அறை பழையபடி சின்னதானது. அதை அதிசயமாகப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

"அடங்கிப்போச்சு பாரு மேடம். இந்தப் படத்த மட்டும் குடு. நல்லாத்தான் இருக்குதுன்னு மேஸ்திரிக்குக் காட்டணும்."

மிதிக்கும்போது அவன் உதட்டில் ஏறிய நீலம் இன்னும் மாறவில்லை. மறுபடியும் வாயை மூடிக்கொண்டான்.