மந்திரி பபூனுக்கு எழுதிய இருபத்தேழு கடிதங்கள்

பகவதிப்பெருமாள் பிள்ளை தனக்குத்தானே ஐம்பத்து நான்கு கடிதங்கள் எழுதிக்கொண்டார் என்றால் திருவனந்தபுரத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். செக்ரட்டேரியட்டில் ஒரு மந்திரியின் ஆபீஸில் அவர் தமிழ்க் குமாஸ்தா. நாஞ்சில் நாட்டுக்காரர். லஞ்சம் வாங்கமாட்டார், கோள் சொல்லமாட்டார், மத்தியானம் சற்றுத் தூங்குவார். அவ்வளவுதான் அவரிடம் குறை.

ஆரம்பித்து வைத்தவர் பபூன் வேலப்பன். நாடகக் கம்பெனி கலைந்த பிறகு, தம்பானூரில் ரயில் பாதையோரப் புறம்போக்கில் ஓலைக் குடிசை போட்டுத் தங்கிவிட்ட கோமாளி. ஐம்பத்தொன்றில் ஒரு விழாவில் அவர் ஆடியபோது மந்திரி சிரித்த சிரிப்பில் கழுத்து மாலை அறுந்தது. பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு கர்ப்பிணிகளுக்கு அங்கேயே வலி கண்டது. அதில் ஒருத்திக்கு இரட்டை. பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

மந்திரிக்கு நன்றி சொல்ல வேலப்பன் ஆசைப்பட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. அரிதாரம் பூசுவதுபோல நிதானமாகத் தன் பெயரை மட்டும் வரைவார். ஊர்க்காரர் என்று பிள்ளையைத் தேடி வந்து சொல்லச் சொல்ல, பிள்ளை எழுதினார். மறுநாள் அந்தக் கடிதம் தபாலில் புறப்பட்டு, தமிழ்க் கடிதம் என்பதால், பிள்ளையின் மேசைக்கே வந்து சேர்ந்தது. மந்திரிக்குத் தமிழ் வாசிக்க வராது. வேண்டியதைச் செய்யும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

பிள்ளை வேண்டியதைச் செய்தார். மந்திரி ஆலப்புழைக்குப் போயிருந்ததால் கையெழுத்தையும் அவரே போட்டார். அந்தப் பக்கத்தில் அதை ஒப்பு என்பார்கள். ஒரு தடவைதானே என்று போட்டது இரண்டு வருஷம் ஓடியது. சாயங்காலம் வேலப்பனுக்காக எழுதுவார். காலையில் மந்திரிக்காகப் பதில் எழுதுவார். அந்தப் பதிலை வேலப்பன் கொண்டுவந்து நீட்டினால், அப்போதுதான் பார்ப்பவர்போல வாசித்துக் காட்டுவார். சில இடங்களில் அவருக்கே சிரிப்பு வந்தது. கடிதத்து மந்திரி வரவர நல்ல மனுஷராகிக்கொண்டு வந்தார். பல்வலியைப் பற்றி எழுதினார். சட்டசபையில் கொட்டாவியை அடக்குவது எப்படி என்று பபூனிடம் யோசனை கேட்டார். நேரில் இருந்த மந்திரிக்கு இது ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கு வேறு சிநேகிதரும் கிடையாது.

ஒரு நாள் வயிறு நிறைந்த மத்தியானத்தில், 'நான் உள்ளவரை உமது குடிசையை ஒருவனும் தொடமாட்டான்' என்று பிள்ளை எழுதிவிட்டார். வேலப்பன் அந்த வரியை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஐம்பத்து நான்கில் மந்திரிசபை கவிழ்ந்தது. மந்திரி வீட்டுக்குப் போனார். பிள்ளையை எடையளவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்துக் குடிசையில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: செப்டம்பர் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான், கடிதங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, நாகேஸ்வரன் வேலப்பனைத் தேடி வந்தார். கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் இருந்த, பென்ஷன் வாங்கும் அக்கவுண்ட் ஆபீஸர். பெரிய மனிதர்களின் கையெழுத்துள்ள கடிதங்களை ஆல்பத்தில் ஒட்டிச் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். திவான் முதல் சர்க்கஸ் முதலாளி வரை வைத்திருந்தார். ஆள்கிறவனும் ஆடுகிறவனும் எழுதிக்கொண்ட ஜோடிதான் இல்லை. கடிதங்கள் முழுவதையும் கொடுத்தால், தம்பானூரில் லாட்ஜுக்குப் பின்னால் தனக்கிருக்கும் ஒற்றை அறையில் வேலப்பன் ஆயுசுக்கும் இருக்கலாம் என்றார். ஒன்றே ஒன்று: மந்திரியின் அசல் ஒப்பு தன்னுடைய பென்ஷன் உத்தரவில் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்து ஒத்துப் பார்ப்பார்.

வேலப்பன் சந்தோஷமாகப் பிள்ளையிடம் ஓடி வந்தார். உண்மை தெரிந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. கடிதங்களைக் கொடுக்காவிட்டால் வேலப்பன் தெருவில் நிற்பார். கடிதங்களை வரிசைப்படுத்தித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். வேலப்பன் சொல்லி எழுதியவை பழைய ஆபீஸ் அலமாரியில் பத்திரமாக இருந்தன; அவற்றையும் எடுத்து வந்தார்.

ஓணம் விடுமுறை முழுக்க உட்கார்ந்து, மந்திரியின் இருபத்தேழையும் பழைய தேதிகளோடு, மிச்சமிருந்த மந்திரி முத்திரைத் தாளில் புதிதாக எழுதினார். தாளும் சரியாக இருபத்தேழுதான் இருந்தது. பழையவற்றை வெந்நீர் அடுப்பில் போட்டார். அன்றைக்கு வெந்நீர் கொதித்த கொதியில், சட்டசபை கூடினமாதிரி சத்தம் வருதே என்று மனைவி சிவகாமியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாஜி மந்திரியின் வீட்டுக்குப் போனார். தமிழ் அன்பர்களுக்கு வாழ்த்து, ஒப்பு மட்டும் வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆறு மாதமாக அந்த மனிதரிடம் ஒப்புக் கேட்டு யாரும் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. சொந்தப் பேனாவை எடுத்து இருபத்தேழிலும் போட்டார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டு, மேசையில் கிடந்த வண்ணான் சீட்டிலும் போட்டார். பிள்ளை ஒவ்வொன்றாக மை ஒற்றி அடுக்கினார். குற்றம் ஒன்றும் கண்ணில் படவில்லை.

மறுநாள் மூவரும் நாகேஸ்வரன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தாள் மொடமொடவென்று இருப்பதை வேலப்பன் தடவிப் பார்த்து, வெளுத்து வாங்கினீரோ என்று கேட்டார். நாகேஸ்வரன் பூதக்கண்ணாடியோடு முதல் கடிதத்தில் குனிந்தார். இரண்டாவதில் குனிந்தார். இருபத்தேழையும் பார்த்து முடித்தார்.

"ஒப்பு சத்தியம் ஓய். கடிதாசுதான் பொய். ஐம்பத்தொண்ணுல எழுதினது, ஐம்பத்திரண்டுல எழுதினது, எல்லாத்துலயும் ஒப்புக்குக் கீழே நேத்தித் தேதி போட்டிருக்கு."

மந்திரி உத்தியோகம் பார்த்த கை. ஒப்பிட்டால் கீழே அன்றைய தேதியையும் போட்டுவிட்டுத்தான் நிற்கும். தேதி இல்லாத ஒப்பைக் கண்டிருந்தால் பிள்ளை அங்கேயே பதறியிருப்பார். முப்பது வருஷம் ஃபைல் பார்த்த கண்ணுக்கு, தேதியோடு இருந்த ஒப்பு லட்சணமாகத்தான் தெரிந்தது.

வேலப்பன் விட்டுக்கொடுக்கவில்லை. "சாமி, அவாளுக்கு ஆயிரம் சோலி. அன்னைக்கு ஒப்புப் போட மறந்திருப்பா. நேத்து ஞாபகம் வந்து போட்டிருக்கா. எம்மேல அவ்வளவு பிரியம்."

நாகேஸ்வரன் கண்ணாடிக்கு மேலாகப் பிள்ளையைப் பார்த்தார். கணக்கு ஆபீஸில் இருந்தவர், புரிந்துவிட்டது. ஆல்பத்தை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, இருவருக்கும் காபி கொண்டுவரச் சொன்னார். அறையைப் பற்றிய பேச்சு அதற்குமேல் எழவில்லை.

முப்பதாம் தேதி சர்க்கார் ஓவர்சியர் யோசுவா ஆட்களோடு வந்தார். குடிசையை ஒருவனும் தொடமாட்டான் என்ற வரியுள்ள கடிதத்தை வேலப்பன் நீட்டினார். யோசுவா மரியாதையாக வாங்கிப் பார்த்தார். ஒப்பு நல்ல ஒப்பு என்றார். அவர் இப்போது மந்திரி இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். கூரை இறங்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டிரங்குப் பெட்டியை யோசுவாவே பஸ் வரை தூக்கி வந்தார்.

கல்லாறில் ஒரு சாயாக்கடையில் கிளாஸ் கழுவ ஆள் வேண்டுமாம். அந்த பஸ்ஸில் வேலப்பனை ஏற்றிவிட்டுப் பிள்ளை ஜன்னலோரம் நின்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தார். அதற்குள் வேலப்பன் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, குடிசை போனதை மந்திரிகிட்டச் சொல்லிராதீயும். மனசு தாங்கமாட்டாரு."

சொல்லமாட்டேன் என்றார் பிள்ளை. பஸ் புறப்பட்டது.